இலைக்காரம்மா வராத அத்தியாயங்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எது முதலில் நடந்தது, எது பிறகு என்பதும் இப்போதெல்லாம் மறந்து போகிறது. நடந்ததும் நான் எழுதியதும் சில சமயம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான், நாவல் எழுதிய அனுபவத்தை வாசகர் வட்டத்தில் வந்து சொல்லுங்கள் என்று கூப்பிட்டபோது, எழுதியே தந்துவிடுகிறேன் என்றேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறோம். நான், என் வீட்டுக்காரர், மகன், மருமகள். வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் கண்ணில் பிரஷர் என்றார்கள். முதலில் பேப்பரில் பொடி எழுத்து போயிற்று, பிறகு பெரிய எழுத்து, பிறகு எங்கள் முகங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் இப்போது தெரியும். அதிகம் பேசாத மனிதர் இன்னும் பேசாமல் ஆனார். சிரிப்பதை அடியோடு விட்டுவிட்டார்.

மத்தியானத் தூக்கம் கலைந்து நாலு மணிக்குக் காப்பி குடித்ததும் அவருக்கு ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைத் தினம் கொஞ்சமாகப் படித்துக் காட்டுவேன். ஒரு வாரம் விடாத மழை. பத்திரிகை வரவில்லை. காப்பியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை என் பக்கம் திருப்பி அவர் காத்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. ஒரு பழைய பத்திரிகையை எடுத்து விரித்துக்கொண்டு, அதில் இருப்பது போலப் படிக்க ஆரம்பித்தேன்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. கண் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது பக்கத்தில் பச்சைமலைக்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "எங்க ஊருக்கு பஸ் கம்மிங்க. மழை பெஞ்சா அதுவும் இல்ல" என்று சொன்னாள். மரவள்ளிக்கிழங்கு போட்டிருப்பதாகச் சொன்னாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஆனால் அன்றைக்கு மழைச் சத்தத்தில் அவள் முகம் என் முன்னால் வந்தது. மலையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் கல்யாணம் ஆகி வருகிற ஒரு பெண். கல்யாண வேனில் தூங்கிக்கொண்டே வந்துவிடுகிறாள். விடிந்து பார்த்தால் ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவில் அவள். அவ்வளவு தண்ணீரை அவள் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் ஏறினால் பாலம் வருமே என்று பஸ்ஸிலேயே ஏறமாட்டாள். புருஷன் வேலை செய்யும் இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம், மன்னார்புரத்தில். ஒரு நாள்கூட அவள் அங்கே போய்ப் பார்த்ததில்லை.

இரண்டு மூன்று நாள் இப்படி ஓடியது. அப்புறம் அவர் கேட்டார்.

"ஏம்மா, இது எந்தப் பத்திரிகை?"

"வழக்கமா வாங்குறதுதாங்க."

"இந்தக் கதையில வர்ற வீட்லயும் லிஃப்ட் ரிப்பேரா? அங்கயும் மாடிக்குத் தண்ணி ஏறலையா?"

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

"சரி சரி. எழுதுறவங்க நம்ம வீட்டுப் பக்கத்துலதான் இருக்காங்க போல. நாளைக்கும் படி" என்றார்.

ஆனால் வாயில் வந்ததைச் சொன்னால் நேற்றுச் சொன்னது இன்றைக்கு நினைவிருக்காது. அந்தப் பெண்ணின் மாமியாரை ஒரு நாள் சாகடித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அந்தம்மாவையே மொட்டை மாடியில் வடகம் பிழிய வைத்துவிட்டேன். "செத்தவங்களையும் வேலை வாங்குறியே!" என்றார் இவர். அதற்குப் பிறகுதான் எழுதிவைத்துப் படிப்பது என்று ஆரம்பித்தேன். நாவல் எழுதுகிறேன் என்றெல்லாம் அப்போது தெரியாது. சாயங்காலத்துக்குள் காய் நறுக்கி வைப்பதுபோல ஒரு காரியம்.

பால் பாக்கெட் வந்ததும் எழுந்துவிடுவேன். மற்றவர்கள் தூங்குவார்கள். அடுப்படித் தரையில், ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்து உட்காருவேன். அது உறுமிக்கொண்டே இருக்கும். முதுகில் லேசாக அதிரும். பஸ்ஸில் எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போல இருக்கும். ஜன்னலுக்கு வெளியே தென்னந்தலைகள் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் பனி. பெரிய கோயில் பக்கமிருந்து மணிச்சத்தம் வந்து பனிக்குள் கரைந்து போகும். பாதித் தூக்கம் கண்ணில் இருக்கும்போதே பேனாவைத் திறந்துவிட வேண்டும். முழுக்க விழித்துவிட்டால் எனக்குக் கூச்சம் வந்துவிடும், நீ யார் எழுத என்று. ஒரு தாளில் ஒரு பக்கம், அது நிரம்பாமல் எழுந்திருக்க மாட்டேன். ஒன்றும் வராத நாளில், ஒன்றும் வரவில்லை, பனி பெய்கிறது, ஃப்ரிட்ஜ் சத்தம் போடுகிறது என்று எழுதுவேன். அப்படி எழுதிக்கொண்டே போனால் நடுவில் எங்கேயோ அந்தப் பெண் வந்து நின்றுகொண்டிருப்பாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

அப்படி ஒரு நாள், நான் கூப்பிடாமலே வந்தவள்தான் இலைக்காரம்மா. முசிறியிலிருந்து பஸ்ஸில் வாழையிலைக் கட்டோடு வந்து வீடு வீடாகக் கொடுக்கிறவள். ஒரே ஒரு வரிதான் வந்தாள். அந்தப் பெண் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, இவள் சொல்கிறாள்: "என்ன தாயி, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பாக்குற? இலைதான. புடிச்சா வாங்கு, புடிக்கலன்னா ஊருக்குப் போயி லெட்டர் போடு."

இவர் சிரித்துவிட்டார். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். கண் போனதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

"நாளைக்கு வருவாளா அவ?"

"வருவாங்க."

வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அந்தப் பெண் ஆற்றங்கரையில் அழுதுகொண்டு நின்றால் இலைக்காரம்மா வந்து கிண்டல் பண்ணித் தேற்றிவிடுவாள். மாமியாரோடு சண்டை என்றால் இவள் வந்து பஞ்சாயத்துப் பண்ணிவிடுவாள். என் கனவில்கூட வந்து, இலைக் கட்டை இறக்க ஒரு கை பிடிக்கச் சொல்லுவாள். நாலு மணிக்கு இவர் சிரிப்பதற்காகவே நான் காலையில் எழுந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

கதை ஒருவழியாக முடிந்தது. மருமகள் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள்; ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக அதை கம்ப்யூட்டரில் அடித்தாள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு எதையோ சொல்ல வந்து நிறுத்தினாள்.

"சொல்லும்மா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"அத்தை, இலைக்காரம்மா சூப்பர். ஆனா அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் ஒண்ணுமே பண்ணலியே? ஒவ்வொரு தடவையும் அந்தம்மா வந்து எல்லாத்தையும் சரி பண்ணிட்டுப் போயிடுறாங்க. கடைசியில பாலத்தத் தாண்டுறப்பகூட அவங்கதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க."

அன்றைக்கு எனக்கு ரோசம்தான் வந்தது. ஆனால் அச்செழுத்தில் படித்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் இருந்தவரை அது என்னுடையது. அச்செழுத்தில் வேறு யாரோ எழுதியது மாதிரி இருந்தது. வேறு யாரோ எழுதியதில் குற்றம் தெரியத்தானே செய்யும். அவள் சொன்னது சரி. மலையிலிருந்து வந்த பெண் முதல் பக்கத்தில் எங்கே நின்றாளோ, கடைசிப் பக்கத்திலும் அங்கேயேதான் நின்றாள். நான் அவளுக்காக எழுதவே இல்லை.

இலைக்காரம்மாவை எடுத்தால்தான் அந்தப் பெண் நகருவாள். எடுத்தால் இவர் சிரிப்பு போய்விடும். ஸ்பைரல் புத்தகத்தை அரிசி டின் மேல் வைத்துவிட்டேன். அரிசி எடுக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் காலையில், பாதித் தூக்கத்தில், ஆற்றங்கரை அத்தியாயத்தை எடுத்தேன். இலைக்காரம்மா பேசுகிற வரிகளை எல்லாம் அடித்தேன். அடித்ததும் அந்தப் பெண் தனியாக நின்றாள். அழுதாள், நிறுத்தினாள், அப்புறம் சும்மா நின்றாள். தேற்ற யாரும் வரவில்லை. பக்கம் நிரம்பவில்லை. மறுநாளும் நிரம்பவில்லை. அன்றைக்கு அடுப்படி வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தேன். தர்ப்பணம் கொடுக்கிறவர்கள், குளிக்கிறவர்கள், குரங்குகள். எல்லாச் சத்தமும் கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் சத்தமாகவே ஆகிவிட்டது. பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் போய்விடுவாள். ரொம்ப நேரம் கழித்து அவள் ஒரு காலை மட்டும் நீட்டிப் பெருவிரலால் தண்ணீரைத் தொட்டாள். தொட்டுவிட்டுக் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி.

வீட்டுக்கு வந்து அதைத்தான் எழுதினேன். அதற்குப் பிறகு திருத்துவது கஷ்டமாக இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் எப்படி என்று தெரிந்துவிட்டது. இலைக்காரம்மா வந்து சொல்ல வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் நான் வாயை மூடிக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வெயில் காலம் வந்து, போய், ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்வரை அந்த வேலை நடந்தது.

பாலத்து அத்தியாயம் மட்டும் பாக்கி. அதுவரை திருத்தியதை முதலிலிருந்து இவருக்குப் படித்தேன். ஏன் மறுபடி முதலிலிருந்து என்று அவர் கேட்கவில்லை. இலை வாங்குகிற இடம் வரும் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தார். அது வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஆற்றங்கரை அத்தியாயம் படித்த அன்று கேட்டார்.

"என்னம்மா, இன்னிக்கும் முசிறி பஸ் வரலையா?"

"அவங்கள எடுத்துட்டேங்க."

"எங்கேருந்து?"

"கதையிலேருந்து. முழுசா."

கொஞ்ச நேரம் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "நான் சிரிக்கிறேன்னுதான அவள வெச்ச?" என்றார். "அப்ப என் சிரிப்பையும் சேத்துத்தான் எடுத்திருக்க."

"தனியா எழுதித் தரேங்க. அவங்கள மட்டும் வெச்சு."

"வேணாம். பிச்சை போடுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு நாலு மணிக்கு ரேடியோதான். நான் காப்பியை வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். கேட்க ஆளில்லாமல் எதற்கு எழுதுவது என்று ஒரு நாள் காலை எழுந்திருக்காமல் படுத்துக்கிடந்தேன். பால் பாக்கெட் விழுந்த சத்தம் கேட்டது. கோயில் மணி கேட்டது. உடம்பு தானாக எழுந்துபோய் ஃப்ரிட்ஜில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. பாலத்து அத்தியாயம் மிச்சமிருந்தது. அந்தப் பெண் அங்கே காத்திருப்பாளே என்று மட்டும்தான் எண்ணம். அவருக்காக இல்லாமல் நான் எழுதிய முதல் பக்கம் அதுதான் என்று நினைக்கிறேன்.

புருஷனுக்கு உடம்பு முடியவில்லை என்று மன்னார்புரத்திலிருந்து போன் வருகிறது. அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. நடந்தே பாலத்தில் ஏறுகிறாள். பாலம் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டாள். கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே போவாள், அவ்வளவுதான் அந்த அத்தியாயம். எழுதி முடித்தபோது என் கையிலும் சிமெண்டின் சொரசொரப்பு இருந்தது.

இலைக்காரம்மா போன இடம் மட்டும் எனக்குக் கொஞ்ச நாளில் தெரிந்தது. ஒரு நாள் காலை மருமகள் இவருக்குத் தட்டில் உப்புமா வைத்தாள். இவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன தாயி, இத்தினியூண்டுக்கு எதுக்குத் தட்டு? உள்ளங்கையிலயே வெச்சிருக்கலாமே." முசிறிக்காரியின் அதே இழுப்பு. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவரும் சிரித்தார். காய்கறிக்காரரிடமும் இப்போது அப்படித்தான் பேசுகிறார்.

பிறகு ஒரு சாயங்காலம், காப்பியை வைத்துவிட்டு நான் திரும்பும்போது ரேடியோ நின்றது.

"அந்தப் பொண்ணு தண்ணியில கால வெச்சாளே. அப்புறம் என்ன ஆனா?"

தாள்களை எடுத்துவந்து உட்கார்ந்தேன். அன்றைக்குக் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம் என்று பாலத்து அத்தியாயம் வரை வந்துவிட்டோம். அதைப் படிக்கும்போது அவர் சிரிக்கவில்லை. காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. படித்து முடித்த பிறகு வெளிச்சம் வருகிற பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"ஒண்ணு கேக்குறேன்" என்றார். "மலையில இருந்தப்ப அவ இந்த ஆத்தப் பாத்ததே இல்லையா? அவ்வளவு ஒசரத்துலேருந்து தூரத்துல ஒரு கோடு மாதிரியாவது தெரிஞ்சிருக்காதா? தெரிஞ்சிருந்தா அதப் பாத்துக்கிட்டேதான வளந்திருப்பா. அப்ப அவ பயமே வேற மாதிரில்ல இருக்கும்?"

அவர் அந்தப் பெண்ணைப் பற்றி இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, எனக்குப் பதில் தெரியாது. நான் பச்சைமலைக்குப் போனதே இல்லை. முழங்காலும் இனி விடாது. போனில் பார்த்துச் சொல்கிறேன் என்றாள் மருமகள். மலையின் படம் வருகிறது, அங்கே நிற்கிறவள் கண்ணுக்கு என்ன எட்டும் என்பது அதில் வரவில்லை.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால், மழை விட்டுத் தெளிந்த ஒரு காலையில் மலை மேலிருந்து தெற்கே பார்த்துச் சொல்லுங்கள். கொள்ளிடமோ காவிரியோ, நூல் மாதிரியாவது தெரிகிறதா? தெரிந்தால் முதல் அத்தியாயத்தை நான் மறுபடி எழுத வேண்டும். மரவள்ளி எந்த மாதம் பிடுங்குவார்கள் என்பதையும் கூடவே சரிபார்த்துச் சொன்னால் உபகாரமாக இருக்கும். தை என்று எழுதிவைத்திருக்கிறேன், நிச்சயமில்லை.