கண்ணாடிக்காரர் வீட்டில் காதுப் பரிசோதனை

கண்ணாடிக்காரருக்குச் சுட்டுப்போட்டாலும் தாளம் வராது. இதை அவரே ஒப்புக்கொள்வார். எந்தக் கச்சேரியிலும் கூட்டம் மொத்தமும் கைதட்டி முடித்த பிறகு இவர் கை மட்டும் தனியாகக் கேட்கும். பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "நீங்க தட்டாம இருந்தாலே பெரிய உபகாரம்" என்று மனைவி ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டே சொல்லிவிட்டாள். சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. அவள் ஒரு இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள்.

இந்த இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்றால், எல்லாம் ஒரு மூக்குக் கண்ணாடியால் வந்தது. அவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவார், முன்னறையில் கண் பரிசோதனை செய்வார். ஒரு நாள் அவள் வந்து, கண்ணாடி மூக்கில் நிற்காமல் நழுவி நழுவி விழுகிறது என்றாள்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"அடிக்கிற வேலை."

கண்ணாடிக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். விஷயம் புரிந்த பிறகு, காதுக்குப் பின்னால் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு ரப்பர் பட்டை வைத்துக் கொடுத்தார். சரியாக நிற்கிறதா என்று பார்க்கக் கச்சேரிக்கே போனார். கண்ணாடி நின்றது. இவர்தான் விழுந்துவிட்டார். இன்றைக்கும் கடையில் யாராவது "வீட்ல என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "நல்லா அடிப்பாங்க" என்பார் பெருமையாக. கேட்டவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். உடனே ஒரு பழைய கச்சேரிப் பதிவைப் போட்டுக் காட்டுவார். அதில் நடுவில் ஒரு நீளமான தனி வாசிப்பு வரும். அது வரும்போதெல்லாம், என்னமோ தானே வாசித்த மாதிரி அவர் முகம் சிவந்துவிடும்.

குழந்தைகள் இரண்டு. பெரியவள் இரண்டாம் வகுப்பு. சின்னவன் பள்ளிக்கூடம் என்ற பெயரில் தினமும் போய் விளையாடிவிட்டு வருகிறவன். மனைவி குழுவோடு ஊர் ஊராகப் போய்விட்டால் வீட்டுப் பொறுப்பு முழுக்க கண்ணாடிக்காரர் தலையில்தான். முட்டை தீயும், சட்டை சுருங்கும், தலைப் பின்னல் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும். ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்படி ஓடிக்கொண்டிருந்த நாளில் பள்ளிக்கூட வாசலில் ஆசிரியை அவரை ஓரமாகக் கூப்பிட்டார். வகுப்பில் ஒவ்வொரு குழந்தையிடமும் அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டாராம்.

"உங்க பொண்ணு, எங்கம்மா பெட்டி தூக்குறாங்கன்னு சொன்னா. மத்த பிள்ளைங்க சிரிச்சிட்டாங்க. உழைச்சுச் சாப்பிடறதுல கேவலம் ஒண்ணும் இல்லீங்க. நீங்க அவளுக்கு எடுத்துச் சொல்லணும்."

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். யோசித்துப் பார்த்தால் பெரியவள் பொய் சொல்லவில்லை. அம்மா வெளியே கிளம்பினால் பெட்டி, திரும்பி வந்தால் பெட்டி. கறுப்புப் பெட்டிகள், உருண்டையாக, பெரிசும் சின்னதுமாக. அவற்றைத் திறந்து உள்ளே இருப்பதைக் குழந்தைகள் எதிரில் அடித்துக் காட்ட அடுக்குமாடிக் கட்டடத்தில் வழியில்லை. மேல்வீட்டுக்காரர் ஸ்பூன் விழுந்தாலே இறங்கி வந்துவிடுவார். அதனால் வீட்டில் பயிற்சி என்பது கதவைச் சாத்திக்கொண்டு ரப்பர் அட்டையின் மேல் டொக் டொக். கச்சேரியோ பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் ஆரம்பிக்கும். வீடியோவில் காட்டலாம் என்றால், கேமராக்காரன் பாடுகிறவரின் பல்லைக்கூட எண்ணிவிடுவான், பின்னால் திரும்ப மாட்டான். அதிசயமாகத் திரும்பினாலும் பெரிய பித்தளைத் தட்டு ஒன்று அம்மாவின் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும்.

சாயந்திரம் போனில் இதைச் சிரித்துக்கொண்டே மனைவியிடம் சொன்னார். அவளும் சிரித்தாள். அதற்குள் பெரியவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, பெட்டிய வேற யாராவது தூக்கட்டும். நீ வீட்டுக்கு வா. எல்லாரும் சிரிக்கறாங்க."

போன் மறுபடி கண்ணாடிக்காரர் கைக்கு வந்தது. பிறகு மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"இந்தச் சுற்றோட விட்டுடறேங்க. வாத்தியம் விக்கிற கடையில ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. காலைல போனா சாயந்திரம் வீடு. அவ கேக்குறதுல என்ன தப்பு?"

கண்ணாடிக்காரருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்? தீயாத முட்டை, ஒழுங்கான பின்னல், ராத்திரி பேச ஒரு துணை. பாத்திரம் கழுவிக்கொண்டே அந்த சந்தோஷத்தை அனுபவித்தார். கழுவி முடிப்பதற்குள் அது கசந்துவிட்டது. டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கடையில் விலை சொல்லிக்கொண்டு நிற்கிற முகம் அதுவாக இருக்காது. அவள் வாசிக்க வேண்டும் என்றால் பெரியவள் மனசு மாற வேண்டும். பெரியவள் மனசு மாற, பெட்டிக்குள் இருப்பது அவள் காதில் விழ வேண்டும். அம்மா திரும்பி வருவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினார். தாளம் தெரியாத மனுஷனுக்கு ஆசை பெரிது.

மனைவியின் அலமாரியில் உலகத்துப் பெரிய டிரம்ஸ்காரர்களின் இசைத்தட்டுகள் வரிசையாக இருந்தன. அதிலேயே அட்டை பயங்கரமாக இருந்த ஒன்றை எடுத்து முதல் நாள் போட்டார். டமடமவென்று வீடு அதிர்ந்தது. சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்.

"பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டாள் பெரியவள்.

"இதாம்மா பாட்டு."

"இது சண்டை."

மேல்வீட்டுக்காரர் வேறு இறங்கி வந்து வாசலில் நின்றார். முதல் நாள் அப்படிச் சொதப்பியது.

மறுநாள் கடையில் ஒரு பாட்டிக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணை மூடி, லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்டபோது மண்டையில் பொறி தட்டியது. எல்லா எழுத்தையும் ஒரே நேரத்தில் படி என்று யாரையாவது சொல்வோமா? ஒரு வரி, ஒரு கண், ஒரு லென்ஸ். காதுக்கும் அதுதானே?

அன்று சாயந்திரம் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நாற்காலி போட்டார். சத்தத்தைக் குறைத்து வைத்தார். பெரியவளை உட்கார வைத்து, கடையில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"ஒரு காதை மூடிக்கோங்க. இப்ப என்ன கேக்குது?"

"பாடுறாங்க."

"மூடின காதை மாத்துங்க. இப்ப?"

பெரியவள் கண்ணைச் சுருக்கினாள். "பின்னாடி யாரோ வீடு பெருக்குறாங்க."

கண்ணாடிக்காரரும் ஒரு காதை மூடிப் பார்த்தார். வாஸ்தவம். பாட்டு முழுக்க ஒருவர் அமைதியாகப் பெருக்கிக்கொண்டே இருந்தார். கம்பித் தூரிகையால் டிரம்ஸைத் தடவித் தடவி வாசிக்கிறார் என்று அட்டையில் போட்டிருந்தது. இத்தனை வருஷம் கச்சேரிக்குப் போய் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், ஒன்றுமே கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதிலிருந்து தினமும் காதுப் பரிசோதனை நடந்தது. சின்னவனும் கட்டிலடியை விட்டு வந்து சேர்ந்தான். காலால் மிதிக்கிற பெரிய டிரம் அவன் பொறுப்பு. அது தும் என்கிற இடத்திலெல்லாம் அவனும் தொம்மென்று மிதிப்பான். பித்தளைத் தட்டுகள் பெரியவள் பொறுப்பு. அப்பாவுக்கும் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு அவரை முழங்காலில் தட்டச் சொன்னார்கள். ஒரு பாட்டுகூட முடியவில்லை.

"அப்பா, நீ தட்டாத. குழப்புது," என்றான் சின்னவன். அம்மா பிள்ளை.

வாசிப்பவர்களின் பெயரெல்லாம் குழந்தைகள் வாயில் நுழையவில்லை. தாங்களே பெயர் வைத்தார்கள். பெருக்குகிறவர் 'பூனை' ஆனார். ஒருவர் பாட்டு நெடுக ஏதோ வேண்டாவெறுப்பாகத் தொட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் எழுந்து வெளுத்து வாங்குவார், அவர் 'சோம்பேறி'. இரண்டே கையால் வாசிக்கிறார் என்று நம்பவே முடியாத ஒருவருக்கு 'எட்டுக்கை' என்று பெயர். சாப்பாட்டு மேஜையில், பூனை பெரிசா எட்டுக்கை பெரிசா என்று அக்காவும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் பூனை கட்சி.

சரியான சமயம் என்று தோன்றிய அன்று, மனைவியின் குழு வாசித்த பாட்டு ஒன்றைச் சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் நுழைத்தார். பெரியவள் ஒரு காதை மூடினாள். பிறகு அடுத்த காதை மூடினாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"பாடுறவரு வேகமா ஓடப் பாக்குறாரு. இவங்க 'பொறு'ன்னு சொல்றாங்க. சட்டையப் பிடிச்சு நிறுத்தறாங்க. அப்புறம் விடறாங்க."

"இது யாரு, சொல்லு."

"பேரு வைக்கலாமா? 'பொறு'."

"அது உங்கம்மா."

பெரியவள் கையைக் காதிலிருந்து எடுத்தாள். ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவன், "அம்மாவா? உள்ளயா?" என்று எழுந்துபோய் ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பெரியவள் சிரிக்கவில்லை. "இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அலமாரியில் இருந்த குழுவின் பதிவுகள் எல்லாவற்றையும் அந்த வாரத்தில் கேட்டுத் தீர்த்தார்கள். கடையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிற அந்தத் தனி வாசிப்புப் பதிவை மட்டும் கண்ணாடிக்காரர் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி வந்து இறங்கினாள். அவள் படியேறுகிற சத்தம் கேட்டதும் கண்ணாடிக்காரர் ஓடிப்போய் அந்தப் பதிவைப் போட்டார். கதவு திறக்கும்போது அவளுடைய உச்சபட்ச வாசிப்பு வீட்டில் ஒலிக்க வேண்டும், மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். சின்னவன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். பெரியவள் நாற்காலியை விட்டு நகரவில்லை. ஒரு காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, இது அம்மா இல்ல."

"என்னம்மா சொல்ற? இதுதான் உங்கம்மா வாசிச்சதுலயே பெஸ்ட். கடைக்கு வர்றவங்க எல்லாருக்கும் நான் போட்டுக் காட்டறேன்."

"இல்ல. முந்தாநாள் இதே பாட்டு கேட்டோமே. அம்மா இங்க பொறுப்பாங்க. இவரு பொறுக்க மாட்டேங்கிறாரு. பாடுறவரோட சேந்து இவரும் ஓடறாரு."

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்," என்றாள். "வேற ஒருத்தர் வந்து வாசிச்சாரு."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா சொல்லிக்கிட்டிருந்தீங்க. மனசு வரலங்க."

கண்ணாடிக்காரர் முகத்தில் அசடு வழிந்தது. எத்தனை வாடிக்கையாளர்கள், எத்தனை பெருமை! யாரோ முன்பின் தெரியாத ஆளின் கைக்காக இத்தனை வருஷம் முகம் சிவந்திருக்கிறார்.

மனைவி அவரைக் கவனிக்கவில்லை. உள்ளே வந்து மகள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். மகள் கண்டுபிடித்தது, பாடுகிறவரே கண்டுகொள்ளாத ஒன்று. கச்சேரி ஏற்பாடு செய்கிறவருக்குத் தெரியாது. எந்தக் கூட்டமும் அதற்கென்று கைதட்டியதில்லை. மேடையின் பின்வரிசையில் உட்கார்ந்து இத்தனை காலம் அவள் 'பொறு' என்று சொல்லிக்கொண்டிருந்ததை இந்த வீட்டில் ஒருத்தி கேட்டுவிட்டாள். என்றாலும் முடிவெடுத்தது முடிவெடுத்ததுதான் என்பதுபோல் மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா இனிமே எங்கயும் போகப்போறதில்ல. கடையில வேலை பாக்கப்போறேன். தினமும் சாயந்திரம் வீட்டுக்கு வந்துடுவேன். யாரும் சிரிக்க மாட்டாங்க."

பெரியவள் முகம் மலர்ந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. அப்புறம் ஏதோ இடித்தது.

"அப்ப அங்க யாரு வாசிப்பா?"

"யாராவது வருவாங்கம்மா. இவரே வரலாம்."

ஸ்பீக்கரில் அந்த மனிதர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். பெரியவள் அம்மாவைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"இவரு வேணாம்," என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "நீயே போ."

அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் நன்றாக அழுதார்கள். தனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் சின்னவனும் கூடச் சேர்ந்து அழுதான். வாத்தியக் கடைக்காரருக்குப் போன் செய்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்கிற பொறுப்பு கண்ணாடிக்காரர் தலையில் விழுந்தது. முதலில் எழுந்துபோய் அந்த அவசரக்காரரை நிறுத்தினார், அப்புறம் போனை எடுத்தார்.