விறாந்தையில் எரிந்த லாம்பு

ஈரப் பன்னாடை எரிகிற புகை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். தென்னை மட்டையின் அடியில் வலைபோலக் கிடக்கும் அந்தச் சருகை அடுப்பில் கொளுத்தி, அது 'பொக்'கென்று எரிந்து அடங்குவதற்குள் உப்பு எங்கே, அகப்பை எங்கே என்று பார்த்துக்கொள்வதுதான் உலக யுத்தகாலத்தில் கரவெட்டியில் எங்கள் குசினிக்கு வாய்த்த வெளிச்சம்.

மண்ணெண்ணெய் பங்கீட்டுக் 'கூப்பனுக்கு' வந்துவிட்ட காலம் அது. சங்கக்கடையில் அளந்து ஊற்றுகிற போத்தலோடு நாட்களைத் தள்ளவேண்டும். ஐயா கணக்கு வாத்தியார். போத்தலில் சுண்ணாம்பால் நாளுக்கொரு கோடு கீறி, கோடு தவறாமல் எண்ணெய் இறங்குகிறதா என்று பார்க்கும் வேலையைப் பத்து வயதான என்னிடம் தந்திருந்தார். கணக்கில் கெட்டிக்காரி என்ற எண்ணம் எனக்கும் தலைக்கேறிக் கிடந்தது.

பொழுதுபட்டதும் விறாந்தையில் 'லாம்பு' ஏறும். ஐயாவின் கூட்டாளிகள் நாலு பேர் சாய்ந்திருந்து பேப்பர் வாசித்து, சப்பான்காரன் எங்கே நிற்கிறான் என்று அலசுவார்கள். "வாத்தியார், ஊரெல்லாம் இருட்டு, உம்மடை வீட்டிலை மட்டும் லாம்பு எரியுது, எண்ணெய் எப்பிடிக் காணும்?" என்று ஒருவர் கேட்க, "எல்லாம் கணக்காய்ப் பாவிக்கிறதிலைதான் இருக்கு" என்று ஐயா நிமிர்ந்திருப்பார். அந்தக் கணக்கு என்னவென்று உள்ளே அம்மாவுக்குத் தெரியும். குசினிக் கைவிளக்குக்கு எண்ணெய் இல்லை, அவ்வளவுதான்.

"இருட்டுக்கை கஞ்சி வடிக்கப் பயமாக்கிடக்கு, ஒரு சொட்டு விடுங்கோ" என்று அம்மா ஒருநாள் கேட்டா. "அடுப்பு எரியுதெல்லே, அந்த வெளிச்சம் காணாதோ?" என்றார் ஐயா. இரண்டு நாள் கழித்துப் போத்தலில் எண்ணெய் கோட்டுக்குக் கீழே நின்றது. நான் ஓடிப்போய், "ஐயா, ஒரு விரக்கடை குறைஞ்சுபோச்சு" என்று சொன்னேன். இந்த வாய்தான் சொன்னது. ஐயா எழும்பிப் போய்க் கைவிளக்கை எடுத்துப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டினார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

அந்தக் கிழமையே அது நடந்தது. விறாந்தையில் ஆட்கள் இருந்தார்கள், பகல் மழையில் நனைந்த பன்னாடை எரியாமல் புகைந்துகொண்டிருந்தது. கொதிக்கிற சோற்றுப் பானையைச் சரித்துக் கஞ்சி வடித்த அம்மாவுக்குச் சட்டி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. கஞ்சி முழுவதும் வலதுகாலில் கொட்டியது. அலறல் கேட்டு ஐயா லாம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த லாம்பு எங்கள் குசினிக்குள் நுழைந்தது அன்றைக்குத்தான். பாதத்தில் தோல் வழன்றுபோய் இருந்ததை அந்த வெளிச்சத்தில் எல்லோரும் கண்டோம்.

"பாத்து வடிக்கிறேல்லையோ?" என்றார் ஐயா.

எதைக்கொண்டு பார்ப்பது? நான் தேங்காயெண்ணெய் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது குசினி மறுபடியும் இருட்டாயிருந்தது. "ஆக்கள் இருட்டுக்கை இருக்கினம்" என்று சொல்லி ஐயா லாம்பை விறாந்தைக்கே கொண்டுபோய்விட்டார். அம்மாவின் காலைத் தடவித் தேடி எண்ணெய் பூசினேன். வெளியே பேப்பர் வாசிப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சிக்கனமாம்! தான் ஒரு வசதியையும் விடாமல் மற்றவளின் கண்ணைக் கட்டி மிச்சம் பிடிப்பதற்கு இப்படியும் ஒரு பெயர். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, என்னையும்தான்.

அம்மா சாகும்வரை அந்தக் காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடந்தா. இப்போது அம்மாவும் இல்லை, ஐயாவும் இல்லை, கூப்பன் போய்விட்டது, சுண்ணாம்புக் கோடு போட்ட போத்தலும் எங்கேயோ தொலைந்தது. மாதம் பிறந்தால் வீட்டுக்குக் 'கறன்ற் பில்' வருகிறது. போன கிழமை மகன் அதை நீட்டிப் பிடித்து விறாந்தைக் கதிரையில் இருந்தபடி, "அம்மா, பில் கூடிப்போச்சு. குசினி லைற் சும்மா எரியுது, அதை நூர்த்தால் குறையும்" என்றான். அவன் தலைக்கு மேலே இரண்டு பல்ப் எரிந்துகொண்டிருந்தன.

"முதல்லை நீ இருக்கிற இடத்து லைற்றை நூர்த்துப்போட்டு வா, பிறகு குசினியைப் பற்றிக் கதைப்பம்" என்றேன்.