மைக் அக்காவும் நாத்தனார் லேப்டாப்பும்

"கவனிக்கவும். மூன்றாம் மாடியிலிருந்து போர்வை ஒன்று கீழே விழுந்துள்ளது. நிறம் பச்சை. உரியவர் உடனடியாக வந்து பெற்றுக்கொள்ளவும்."

மைக் அக்கா பால்கனியில் நின்று, ஈரத் துணியை உதறியபடியே இதைச் சொல்லி முடிக்கிறார். கத்தவில்லை. அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. சாதாரணமாகத்தான் பேசுவார், அது எல்லா மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மேலே ஒரு கதவு திறக்கிறது, செருப்புச் சத்தம் தடதடவென்று படியிறங்குகிறது. அக்கா அதற்குள் அடுத்த துணிக்குப் போய்விட்டார்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை அவருக்கு. எந்த வண்டி, எந்த நடைமேடை, எத்தனை மணி, இரண்டு மொழியில், ஒரே சீரான குரலில். பல வருடப் பழக்கம் நாக்கில் ஊறிவிட்டது. வீட்டில் கணவர் குளியலறையை விட்டு வெளியே வரத் தாமதமானால், "குளியலறையிலிருந்து புறப்பட வேண்டிய கணவர் தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதமாகப் புறப்படுவார்" என்று கூடத்துக்கு அறிவிப்பு வரும். கூடத்தில் யாராவது இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. சோறு குழைந்துவிட்டால், "சிரமத்திற்கு வருந்துகிறோம்." அவ்வளவுதான், மறுபேச்சு கிடையாது.

ஒருமுறை அவரோடு கடைக்குப் போயிருந்தேன். வரிசையில் நின்றபடி, "கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க" என்றார். முன்னால் நின்ற மனிதர் நகரவில்லை. சட்டென்று குனிந்து தன் பையைத் தேடினார். பை வீட்டில் இருக்கிறது, தான் எங்கும் புறப்படவில்லை என்று அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தொண்டையை அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்வார். ஐஸ்கிரீம் கிடையாது. வெந்நீர்க் குடுவை தோளிலேயே தொங்கும். மழைத் தூறல் விழுந்தால் தலையைப் பற்றிக் கவலையில்லை, முதலில் கழுத்தைத்தான் மூடுவார். அவர் கணவர் இதற்கு நேர்மாறு. கண்ணாடிக் கடையில் லென்சு தேய்ப்பவர். பேச்சு மிகக் குறைவு. "எங்க வீட்ல பேச்சுக்கு ஒரு கோட்டா இருக்கு. அவரோடதையும் சேத்து நானே பேசித் தீத்துடறேன்" என்பார் அக்கா.

இந்த அக்காவுக்கு ஓர் ஆசை வந்தது. நூலகத்தில் ஒரு குழு இருக்கிறது. பார்வையில்லாதவர்களுக்கு வாரம் ஒருமுறை கணினி வழியாகக் கதை படிப்பார்கள். கேட்பவர்கள் அவரவர் வீட்டிலிருந்து கேட்பார்கள். அதில் சேர வேண்டும்.

"இத்தனை வருஷமா நம்பர்தான் படிச்சிருக்கேன். நம்பர், நேரம், ஊர் பேரு. ஒரு கதையைப் படிச்சுப் பாக்கணும்னு இருக்கு. அழுவுற எடத்துல அழுது, சிரிக்கிற எடத்துல சிரிச்சு. பஸ் ஸ்டாண்ட்ல அதெல்லாம் பண்ணினா வேலை போயிடும்" என்றார் என்னிடம்.

கைப்பேசியில் பேசிக் காட்டியிருக்கிறார். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது, கணினியில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார் குழுவை நடத்தும் அம்மா. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நேரம் கொடுத்தார். அன்றைக்கு வரமுடியாவிட்டால் அந்த இடம் வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும்.

வீட்டில் கணினி இருந்தது. நாத்தனார் புதியது வாங்கியபோது தூக்கிக் கொடுத்த பழைய லேப்டாப். பரண்மேல் துணி சுற்றிக் கிடந்தது. செங்கல் கனம். ஒரு பொத்தானுக்குத் தொப்பி இல்லை, அடியிலிருக்கும் ரப்பர் மொட்டைத்தான் அழுத்த வேண்டும். மின்சார வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே உயிரை விட்டுவிடும். திறந்தால் உள்ளே விசிறி உறுமும்.

"கிளம்பப் போற வண்டி மாதிரியே சத்தம். எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அக்கா.

கிளம்பத்தான் இல்லை. வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த வைஃபையைப் பிடிக்கமாட்டேன் என்றது. ஞாயிறு மதியச் சாப்பாட்டிலிருந்து போராடிவிட்டு அக்கா பால்கனிக்கு வந்தார்.

"கவனிக்கவும். முதல் மாடி எஞ்சினியர் எங்கிருந்தாலும் இரண்டாம் மாடிக்கு வரவும்."

எஞ்சினியர் தம்பி கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். என் வீடு அக்காவின் வீட்டுக்கு நேர் எதிர்க்கதவு. அறிவிப்பைக் கேட்டு வேடிக்கை பார்க்க நானும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"அக்கா, எத்தனை தடவை சொல்றது? நான் பாலம் கட்டுற எஞ்சினியர். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல."

"எஞ்சினியர்னா எல்லாம்தான். உக்காரு. தண்ணி குடிக்கிறியா?"

தம்பி உட்கார்ந்தான். திரையில் அக்கம்பக்கத்து வைஃபைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அக்கா பழக்க தோஷத்தில் அத்தனையையும் உரக்க வாசித்தார். "கேட்டாலும் தரமாட்டேன். சிங்கக் குட்டி. கடன்காரன் வீடு. மாமியார் மட்டும்." கீழே யாரோ ஒருவர் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. யார் எது என்று கட்டடம் முழுவதற்கும் தெரிந்துபோனது. அக்கா வீட்டு வைஃபையின் பெயர் மட்டும் அந்த வரிசையில் இல்லை.

"என் போன்ல தெரியுதே!" என்றான் தம்பி. கைப்பேசியில் கொஞ்ச நேரம் எதையோ தேடிப் படித்தான். பிறகு தலையாட்டினான். "புரிஞ்சுடுச்சு. இந்தப் புது வைஃபைப் பெட்டி ரெண்டு அலைவரிசையில பேசும். இந்த லேப்டாப் பழசு. அதுக்குப் பழைய அலைவரிசை மட்டும்தான் காதுல விழும். மாட்டிட்டுப் போனவங்க அதை அணைச்சு வெச்சுட்டுப் போயிருக்காங்க."

"அப்ப பெட்டி பேசுது, இதுக்குக் கேக்கல."

"ஆமாக்கா."

"நாத்தனார் வீட்டுச் சாமான்தானே. நாம பேசினா அதுக்கு எங்க கேக்கப் போகுது?"

மூலையில் உட்கார்ந்திருந்த கணவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அவருடைய தங்கைதான்.

தம்பி கைப்பேசி வழியாகவே பெட்டியின் அமைப்புக்குள் போய்ப் பழைய அலைவரிசையையும் திறந்துவிட்டான். சற்று நேரத்தில் வீட்டுப் பெயர் திரையில் வந்து நின்றது. அக்கா கைதட்டினார். அடுத்து கடவுச்சொல். அது பெட்டிக்கு அடியில் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்து ஒட்டியிருந்தது. இப்போது கணவரின் முறை. சட்டைப்பையிலிருந்து சின்ன உருப்பெருக்கி ஒன்றை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டு, பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அக்கா அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டினார், தன் அறிவிப்புக் குரலில்.

"அக்கா, மெதுவா! அடுத்த தெருவரைக்கும் கேட்டுடுச்சு. எல்லாரும் இப்ப உங்க வைஃபையிலதான் படம் பாப்பாங்க."

"பாக்கட்டும். முதல்ல எனக்குக் கெடைக்கட்டும்."

தவறு என்றது லேப்டாப். மறுபடியும் தட்டினார். மறுபடியும் தவறு. கணவர் உருப்பெருக்கியை இன்னும் அருகில் கொண்டுபோனார்.

"அது சைபர் இல்ல. ஓ" என்றார். அன்றைக்கு அவர் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

இணைந்தது! திரையின் ஓரத்தில் சின்ன விசிறி மடிப்பு போன்ற அந்தக் குறி வெள்ளையாக ஒளிர்ந்தது. அக்கா எழுந்து நின்று தம்பியின் தலையில் கைவைத்து ஆட்டினார். தம்பி தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். நூலகத்தின் பக்கத்தைத் திறக்கச் சொன்னான். அக்கா திறந்தார்.

திறக்கவில்லை. இந்தப் பக்கம் பாதுகாப்பானதல்ல என்று சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது. வேறு பக்கம் போனார்கள், அதே எச்சரிக்கை. வானிலை, செய்தி, சமையல், எதைத் திறந்தாலும் அதே சிவப்பு. தம்பி லேப்டாப்பை அணைத்துப் போட்டான். பெட்டியை அணைத்துப் போட்டான். வயரைக் கழற்றி ஊதிவிட்டு மாட்டினான். இணைப்பு இருக்கிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் நெற்றியில் வியர்வை.

"பாலம்னா இந்நேரம் கட்டி முடிச்சிருப்பேன்கா" என்றான் பாவமாக.

அக்கா சிரித்தார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மேசையில் படிப்பதற்காக எடுத்துவைத்த கதைப் புத்தகம் இருந்தது. அதன் ஓரங்களில் பென்சிலால் எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது என்று குறித்திருந்தார். அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார்.

"அந்தம்மாவுக்குச் சொல்லிடறேன். அடுத்தவங்களாவது படிக்கட்டும்."

சின்னக் குரல். அதே அறையில் இருந்த எனக்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் குரல் அவரிடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. தம்பி திரும்பிப் பார்த்தான். கணவர் எழுந்து வந்து, கைப்பேசியை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னும் நேரம் இருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படி. நீ படிச்சாத்தான் எனக்கு விளங்கும்."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். படிக்கத் தொடங்கினார். சிவப்பு எச்சரிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை. அதன் கீழிருந்த பொடி எழுத்துகளை. பிறகு திரையின் அடிவிளிம்பில் இருந்தவற்றை, ஒன்றுவிடாமல். "ஒலி அளவு, பாதி. மின்சாரம், இணைக்கப்பட்டுள்ளது. நேரம், காலை ஒன்பது மணி..."

நிறுத்தினார். சன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெயில் சாய்ந்திருந்தது.

"இது காலையில இருக்கே?"

"அக்கா, தேதி என்ன போட்டிருக்கு? படிங்க!"

அக்கா படித்தார். ஜனவரி முதல் தேதி. வருடத்தைப் படித்தபோது தம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். அந்த வருடத்தில் அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தானாம்.

"அடப்பாவி! பரண்ல கெடந்து உள்ள இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போச்சு. நாள் கணக்கே மறந்துடுச்சு. ஒவ்வொரு பக்கமும் நான் நல்லவன்னு ஒரு சீட்டு காட்டும்கா. அந்தச் சீட்டுல தேதி இருக்கும். இந்தத் தேதியெல்லாம் இன்னும் பொறக்கவே இல்லியே, நீ திருட்டுப்பயன்னு இது கதவைச் சாத்துது."

"நாளைக்குப் போற டிக்கெட்டை இன்னைக்குக் காட்டினா கண்டக்டர் ஏத்தமாட்டாரே, அந்த மாதிரியா?"

"அதேதான்! அதே அதே!"

"அப்ப அது மேல தப்பில்ல" என்றார் அக்கா. குரல் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. "கடமையைத்தான் செஞ்சிருக்கு. நாத்தனாரை மாதிரி நெனச்சுத் திட்டிட்டேன். சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று லேப்டாப்பின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தேதியை அவரே மாற்றினார். வருடங்கள் திரையில் ஒவ்வொன்றாக ஏறின. நூலகத்தின் பக்கம் மெதுவாக, மேலிருந்து கீழாக, திரைச்சீலை இறங்குவதுபோல் வந்து நின்றது. கணவரைத் தவிர நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடிப் போர்வைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். அவருக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டது.

நான்கு மணி. குழுவை நடத்தும் அம்மா வணக்கம் சொன்னார். கேட்பவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டு முதல் வரியைப் படித்தார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, சமமாக, நடைமேடை அறிவிப்புப்போலவே வந்தது.

"குரல் அருமையா இருக்கும்மா. ஆனா யாருக்கோ சொல்ற மாதிரி சொல்லுங்களேன். வீட்ல உக்காந்து சொல்ற மாதிரி" என்றார் அந்த அம்மா.

அக்காவின் முகம் சிவந்தது. கணவர் ஒரு முக்காலியை இழுத்து வந்து, லேப்டாப்புக்குப் பின்னால், அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தார். கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். அக்கா அவரைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார்.

திருடன் ஒருவனின் கதை அது. திருடப் போன வீட்டில் ஒரு கிழவர் விழித்துக்கொண்டு, "வந்ததுதான் வந்தாய், என் கண்ணாடியைக் கொஞ்சம் தேடிக் கொடு" என்று அவனை வேலை வாங்குகிறார். அக்கா திருடனுக்கு ஒரு குரல் வைத்தார், கிழவருக்கு ஒரு குரல். கட்டிலுக்கு அடியில் திருடன் தும்மும் இடத்தில் நிஜமாகவே தும்மினார். அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது, பலபேருடைய சிரிப்பு. அக்கா பயந்துபோய் நிறுத்திவிட்டார். படிக்கும்போது யாராவது சிரித்து அவர் கேட்டதே இல்லை. கணவர் கையாட்டி, போ போ என்றார். அதற்குப் பிறகு அக்கா எங்களை மறந்துவிட்டார்.

கதை முடிந்தது. அடுத்த வாரமும் நீங்கள்தான் என்றார் அந்த அம்மா. எஞ்சினியர் தம்பி சத்தமில்லாமல் ஒரு குதி குதித்தான். அப்போது கேட்பவர்களில் ஓர் ஆண்குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"அக்கா... நீங்க பஸ் ஸ்டாண்ட் அக்காதானே?"

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"நான் தினமும் உங்க குரலைக் கேட்டுத்தாங்க பஸ் ஏறுறேன். வேலைக்குப் போறதே உங்களாலதான்."

அக்கா வாயைத் திறந்தார். அவருடைய கோட்டா அன்றைக்கு முதல்முறையாகத் தீர்ந்துபோயிருந்தது.

"ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருக்கு, தப்பா நெனைக்காதீங்க" என்றது குரல். "காலையில கூட்ட நேரத்துல, ஊர் பேரைச் சொல்லிட்டு நடைமேடை நம்பரைக் கொஞ்சம் முழுங்கிடுறீங்க. அப்பல்லாம் நான் பக்கத்துல நிக்கறவங்களைக் கேக்க வேண்டியிருக்கு."

போர்வைக்காரர் சிரித்துவிட்டார். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா ஒரு கையை உயர்த்தி எங்கள் எல்லோரையும் அடக்கினார். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். நாற்காலியை முன்னுக்கு இழுத்து, குனிந்து, உறுமிக்கொண்டிருந்த லேப்டாப்பின் ஓரத்திலிருந்த சின்னச் சின்ன ஓட்டைகளில் காதை வைத்துக்கொண்டார்.

"எந்த நம்பர்னு சொல்லுங்க" என்றார்.