அந்தோனியார் எங்கள் லேனுக்கு வந்த நாள்

பெயிண்ட் காய்வதற்கு முன்பே அந்தப் பலகையை ஆணியடித்து மாட்டினோம். என் உள்ளங்கையில் ஒட்டிய பச்சை நிறம் போக ஒரு வாரம் ஆனது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும்தான். ஆனால் அந்த வாரம் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் திறக்கவே என்னால் முடியவில்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகும் பாதையில் இருக்கிற எங்கள் லேனுக்குப் புனித அந்தோனியார் மாவத்தை என்று எப்படிப் பெயர் வந்தது என்று கேட்டால், முன்னொரு காலத்தில் இங்கே சின்னக் கோயில் ஒன்று இருந்ததாம் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் சொல்கிறார்கள். கோயிலும் இல்லை, குருவானவரும் இல்லை. பெயரை வைத்தது என் மாமியார். வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவர் அவர்.

அதற்கு முன்பு லேனுக்கு என் கணவருடைய தாத்தாவின் பெயர். கடை வைத்து, வீடு கட்டி, முனையில் தன் பெயரைத் தானே பலகையில் எழுதி மாட்டியவர். மாமியாருக்கு அந்தப் பலகை என்றால் அவ்வளவு பெருமை. கொழும்பில் தமிழர் கடைகள் எரிகின்றன என்று எண்பத்து மூன்று ஆடி மாதம் செய்தி வந்த அன்று, என் கணவர் சரக்கெடுக்க மாத்தளைக்குப் போயிருந்தார், இரவும் திரும்பவில்லை. வீட்டில் நானும் மாமியாரும் என் ஆறு மாதக் குழந்தையும்தான். மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு மிஸ் ஓடி வந்தார். சிங்களக் கத்தோலிக்கர், பள்ளிக்கூட ஆசிரியை. மாமியாரும் அவரும் செவ்வாய்க்கிழமைகளில் ஒன்றாகப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவார்கள். கண்டியில் அதற்குச் சாதி மதம் யாரும் பார்ப்பதில்லை.

"அவங்க கையில தமிழ் வீட்டு லிஸ்ட் இருக்கு. லேன் பேரு, வீட்டு நம்பர் எல்லாம் இருக்கு. லொறியில வெளியூர் ஆளுங்க வாறாங்க" என்றார் மிஸ்.

மாமியார் பலகையைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்றார். வெறும் கம்பம் நின்றால் சந்தேகம் வரும், வேறு பெயர் எழுதலாம் என்று சொன்னது நான்தான். மாமியார் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "அந்தோனியாரப் போடுங்க மிஸ். அவருகிட்ட எல்லாரும்தான் போறாங்க. அந்தப் பேரப் பாத்து இது யாரு வீடுன்னு ஒருத்தனும் சொல்ல ஏலாது."

ஜன்னல் கம்பிக்கு வாங்கி மிஞ்சிய பச்சை பெயிண்ட் இருந்தது. பலகையைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் மிஸ் சிங்களத்தில் அழகாக எழுதினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். மாட்டிவிட்டு மிஸ் வீட்டு முன்னறையில் போய் ஒளிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, தாத்தாவின் பெயரை நாங்கள் அழிக்கவே இல்லை. அது இப்போது லேனின் உட்பக்கம் பார்த்து நின்றது. உள்ளே வந்து திரும்புகிற எவனும் படிக்கலாம். வெளியே ஓடி அழித்துவிட்டு வர நினைத்தேன். அதற்குள் லொறிச் சத்தம் கேட்டது.

லொறி வந்து நின்றது. திரைச்சீலைக்குப் பின்னால் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி நின்றேன், அழுதால் முடிந்தது. மாமியாரின் கை என் தோளை நகம் பதிய இறுக்கிக்கொண்டிருந்தது. லேன் முனையில் தன் வீட்டு வாசல் கேற்றடியில் நின்ற மிஸ்ஸிடம் ஒருவன் தாளைக் காட்டித் தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கேட்டான். அப்படியொரு லேன் இங்கே இல்லை என்றார் மிஸ். இன்னொருவன் எங்கள் கம்பத்தில் சாய்ந்து பீடி பற்றவைத்தான். இரண்டு எட்டு உள்ளே வைத்திருந்தால் எங்கள் கதை அன்றே முடிந்திருக்கும். தாளை வைத்திருந்தவன் எங்களுக்கு அடுத்த லேனைக் காட்டி, அப்படியென்றால் இதுவாகத்தான் இருக்கும் என்றான். அந்த லேனில் பலகையே கிடையாது. மிஸ் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர்கள் அங்கே போனார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஆமாம், முதலில் அப்படித்தான் இருந்தது.

அடுத்த லேனில் ஒரேயொரு தமிழ்க் குடும்பம், தையல் மாஸ்டருடையது. என் குழந்தைக்கு முதல் சட்டை தைத்துத் தந்தவர். முதலில் மண்ணெண்ணெய் வாசனை வந்தது, பிறகு அவருடைய சத்தம் எங்களுக்குக் கேட்டது. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பலகையின் மறுபக்கத்தை அழிக்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டி மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. எங்கள் மூவருக்குமே அது தோன்றவில்லை. அவருடைய மனைவி மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போய், அங்கிருந்து இந்தியாவுக்குப் போனார்.

லொறி வந்த அன்று பின்னேரம் என் கணவர் வந்து சேர்ந்த பிறகும் மாமியார் பலகையை மாற்ற விடவில்லை. "இருக்கட்டும், யாருகிட்டயும் வாயத் திறக்காத புள்ள" என்றார். அதன் பின் அவர் மெழுகுதிரி கொளுத்தப் போகவில்லை. அடுத்த லேன் வழியாக நடக்கவும் இல்லை. வருஷங்கள் போய், அந்தப் பெயர் கடிதங்களில் ஏறி, வாக்காளர் இடாப்பில் ஏறிவிட்டது. கடைசியில் பாதைக்குத் தார் போட வந்தவர்கள் இரண்டு லேனையும் பின்னால் ஒன்றாக இணைத்து, இரண்டு முனையிலும் மூன்று மொழியில் அந்தோனியாரையே மாட்டிவிட்டார்கள். மாமியார் அன்று சாப்பிடவில்லை. மிஸ்ஸும் போய்ச் சேர்ந்துவிட்டார், மாமியாரும் என் கணவரும் போய்விட்டார்கள். விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். நாய் குரைத்தால் கூடத் திரைச்சீலையை விலக்கிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

போன மாதம் திருச்சியிலிருந்து மாஸ்டரின் மகள் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், சாடையில் அப்படியே அப்பா. பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாளாம், கடைக்காரர் என் வீட்டைக் காட்டி அனுப்பியிருக்கிறார். தேத்தண்ணி ஊற்றிக் கோப்பையை அவளிடம் நீட்டினேன்.

"எங்க தெருவுக்குப் பேரே கிடையாதுன்னு அம்மா சொல்வாங்க ஆன்ட்டி. இப்ப அந்தோனியார் பேரு இருக்கு. பார்த்ததும் மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு. யாரு வச்சாங்க?"

கோயில் கதையைச் சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது.

"உக்காரு மகள்" என்றேன். "நாங்கதான் வச்சோம்."