பொத்தான் மச்சினன் கையில்

துப்பாக்கி சுடும் மைதானத்தில் அவருக்கு வைத்த பெயர் சைரன். வேலை லிஃப்ட் மெக்கானிக். மேல்மாடியில் நின்று, அடியாழத்தில் குழிக்குள் நிற்பவனிடம் "கரண்ட்டை நிறுத்து" என்று கத்திக் கத்தி உரமேறிய குரல். ஞாயிறுகளில் அதே குரலில் "புல்" என்பார், இழு என்பதற்கான இங்கிலீஷ். குரல் கேட்டதும் எதிரே பள்ளத்தில் பதுங்கியிருக்கும் இயந்திரம் ஒரு களிமண் தட்டை வீசும். அது தரையைத் தொடுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். அவர் கத்தினால் பக்கத்து மைதானத்து இயந்திரமும் தட்டை வீசிவிடும் என்று கிண்டல் செய்வார்கள். ஒருமுறை நிஜமாகவே வீசியது.

தொண்டையில் வந்த கட்டியை வெட்டி எடுத்தபோது குரலும் அதோடு போனது. மிஞ்சியது காற்று மட்டும், சைக்கிள் டியூப் ஓட்டையிலிருந்து வருவதுபோல. கம்பெனி அவரை உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்தது. மைதானத்தில் ஒருவன் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னான்: "சைரனுக்கு ஃப்யூஸ் போச்சுடா." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்புக்கும் சத்தம் வரவில்லை.

தேசியப் போட்டியில் நிற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்குத் தகுதிச் சுற்றில் குறிப்பிட்ட எண்ணிக்கைத் தட்டுகளை உடைத்தாக வேண்டும். ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்றில் கோட்டை விடுவார். இந்த வருடத்தை விட்டால் வேறு வருடம் இல்லை. கட்டி நுரையீரலுக்கு இறங்கியிருந்தது. "செய்ய வேண்டியதையெல்லாம் சீக்கிரம் செஞ்சுடுங்க" என்றார் டாக்டர். அவர் காலத்துக்குப் பிறகு மனைவி தன் தம்பி வீட்டு மாடியறைக்குப் போவதாகப் பேசி முடித்திருந்தார்கள்.

சுடுபவர் நிற்கும் இடத்தில் தரையோடு ஒரு மைக் இருக்கும், அதுதான் இயந்திரத்தின் காது. அதற்கு அவர் காற்று எட்டவில்லை. மகள் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். சட்டைக் காலரில் மாட்டும் சின்ன மைக் ஒன்றைச் செய்தாள். அதை நேராக இயந்திரத்தோடு இணைக்க நடுவர் ஒப்பவில்லை. "வெளி ஒயரெல்லாம் மெஷின்ல சேர்க்கக் கூடாதும்மா. வேணும்னா ஒரு ஆள் அதைக் காதுல கேட்டுக்கிட்டு மெஷின் பொத்தானை அமுக்கட்டும்."

ஆள் என்றால் மச்சினன்தான், அந்த மாடியறைக்காரன். வீட்டுக்கு வெளியே அவர் பேச்சு புரிகிற ஒரே ஆள் அவன். ஹார்டுவேர் கடைக்காரன். அவரோடுதான் சுட ஆரம்பித்தான், கை வரவில்லை. துப்பாக்கிப் பெட்டி தூக்குபவனாகவே நின்றுபோனான். "கவலைப்படாதீங்க அத்தான். நீங்க நினைச்சாலே தட்டு பறக்கும்" என்றான்.

நான்கு சுற்றுகள் பறந்தன. அவர் அப்படிச் சுட்டதே இல்லை. கடைசிச் சுற்றில் இருபத்தைந்து தட்டுகள். ஐந்து தவறினாலும் தகுதி உண்டு.

மூன்றாவது தட்டு தாமதமாக வந்தது.

தாமதம் என்றால் அரை நொடிகூட இல்லை. கூப்பிட்டதும் உடம்பு தட்டுக்காக இறுகி நிற்கும். அந்த இறுக்கம் தளரும் நேரத்தில் தட்டு வந்தால் துப்பாக்கிக் குழல் அதற்குப் பின்னால் ஓடும். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா, இரண்டும் வீண். "லாஸ்ட்" என்றார் நடுவர், தட்டு தவறியது என்று.

கை பிசகியிருக்கும் என்று நினைத்தார். அடுத்த ஐந்தும் சரியாக வந்தன, உடைந்தன. ஒன்பதாவது மறுபடி தாமதம். திரும்பிப் பார்த்தார். மச்சினன் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினோராவதும் தாமதம். இம்முறை அவர் சுடவில்லை. துப்பாக்கியைத் திறந்து கையை உயர்த்தினார். தட்டு தாமதமானால் மறுக்கலாம், விதி இருக்கிறது.

நடுவர் வந்தார். "லேட்டுங்கிறீங்களா? நீங்க கூப்பிட்டதே என் காதுல விழலையே. எதை வெச்சு லேட்டுன்னு சொல்றது?" மச்சினனைப் பார்த்தார். "என்னப்பா, லேட்டா?"

"கேட்ட உடனே அமுக்கினேன் சார். அத்தானுக்குக் கொஞ்சம் படபடப்பு."

"அப்போ லாஸ்ட்."

அவர் நடுவரின் கையைப் பிடித்தார். இவனை மாற்றுங்கள் என்றார். காற்று வந்தது. மறுபடி சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது.

"என்ன சொல்றார்?" என்றார் நடுவர்.

மச்சினன் காதைக் கொண்டுவந்து அவர் வாயருகே வைத்தான். பொறுமையாகக் கேட்டான். "தண்ணி வேணுமாம் சார்."

பாட்டில் வந்தது. வரிசையில் நின்ற ஒருவன் அலுத்துக்கொண்டான்: "குடிச்சிட்டுச் சீக்கிரம் சுடுங்கண்ணே. வெயில் மண்டையைப் பொளக்குது."

தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு மச்சினன் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. சந்தோஷமும் இல்லை. கடையில் ஆணி நிறுத்துப் போடும்போது இருக்கும் முகம். இவர் தோற்றால் அவனுக்குக் கால் காசு லாபமில்லை. பாட்டிலைத் திறக்காமலே கீழே வைத்தார்.

இன்னும் இரண்டு அப்படியே போயின. தவறவிடலாம் என்றிருந்த ஐந்தும் தீர்ந்தன. அவர் காலர் மைக்கைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு, தரை மைக்கைக் காட்டினார்.

"இதுலயா? கேக்கலைன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார் நடுவர்.

குனிந்து, தொண்டைக்குள் இருந்த தையலையெல்லாம் இழுத்து, கூப்பிட்டார். கதவுக் கீல் கிறீச்சிட்டதுபோல ஒன்று வந்தது. தட்டு பறந்தது. உடைந்தது.

அடுத்ததும் உடைந்தது. பின்னால் யாரோ அந்தக் கிறீச்சலைச் செய்துகாட்ட, யாரோ சிரித்தார்கள். நான்காவதில் வாயில் ரத்தம் கரித்தது. விழுங்கினார். கயிற்றுக்கு அப்பால் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எல்லாத் தட்டும் தூளாயிற்று. மிச்சம் ஒன்று.

துப்பாக்கியைத் தோளில் பதித்தார். கூப்பிட்டார். தட்டு வரவில்லை.

மறுபடி கூப்பிட்டார். காற்று. மூன்றாவது முறை காற்றும் இல்லை, கன்னத்தில் ரத்தம் வழிந்ததுதான். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் கடந்தால் அதற்கும் விதி இருக்கிறது.

"லாஸ்ட்."

தட்டு பள்ளத்துக்குள் இயந்திரத்தின் கையில் முழுசாக இருந்தது. அடுத்தவன் இடம் மாறி வந்து நின்றான். "புல்" என்றான், கொட்டாவி விடும் குரலில். பறந்தது.

மகள் ஓடிவந்து துண்டால் வாயைத் துடைத்தாள். பல்லைக் கடித்தபடி கேட்டாள்: "அப்பா, மாமா வேணும்னே லேட்டா விட்டாரா?"

அவர் அவளைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். அதற்குக் குரல் வேண்டாம். சொன்னால் இவள் இங்கேயே சட்டையைப் பிடிப்பாள். அவள் அம்மாவுக்கு அந்த மாடியறை இருக்காது. இவள் வேலை பார்ப்பது வேறு ஊரில், ஒரே அறையில் நான்கு பெண்களோடு.

இல்லை என்று தலையசைத்தார்.

"நிஜமாவா?"

இல்லை, இல்லை என்று மறுபடி அசைத்தார். அவள் நம்பவில்லை. ஆனால் மேலே கேட்கவும் இல்லை.

மச்சினன் துப்பாக்கிப் பெட்டியோடு வந்தான். "ஒரே ஒரு தட்டு அத்தான்! பொத்தான் என் கையிலதானே இருந்துச்சு, ஒரு ஜாடை காட்டியிருக்கக் கூடாதா? விடுங்க. அடுத்த வருஷம் அடிச்சுத் தள்ளிடலாம்."

மூவருக்கும் அடுத்த வருஷம் தெரியும்.

வண்டி நிற்கும் இடம் வரை சரளைக் கல் பாதை. அவர் காலில் வலு இல்லை. மகள் தண்ணீர்ப் பாட்டிலையும் தோட்டாப் பையையும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எட்டுகிற உயரத்தில் ஒரு தோள்தான் இருந்தது. பிடித்துக்கொண்டார்.