கம்பியை எவ்வளவு அழுத்துவது

கிடாரில் நான் கற்றுக்கொள்ள இனி ஒன்றும் இல்லை என்று நம்பியிருந்த வருடங்கள் உண்டு. விஜயபுரம் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம் எங்களுடையது. கழனி வேலை போக மற்ற நாட்களில், கல்யாணமோ கோயில் ஜாத்திரையோ, எங்கள் கச்சேரிக் குழுவோடு வேனில் ஏறிவிடுவேன். நகரியிலும் புத்தூரிலும் எனக்குக் கைதட்டல் விழாத மேடை கிடையாது. இருபது வருடம் அப்படிப் போனது.

போன வருடம் திருப்பதியில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பக்திப் பாட்டு ஒன்று. குரலுக்குத் துணையாக கிடார் மட்டும். அரை மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன். பதிவு செய்கிற பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் இரண்டு தடவை வாசித்ததும் எழுந்து வந்து ஹெட்போனை நீட்டினாள்.

"அண்ணா, ஒக்கசாரி, ஒரே ஒரு தடவை நீங்களே கேளுங்க."

கேட்டேன். விரல் இடம் மாறும்போதெல்லாம் கம்பி கீச்சென்று கத்தியது. சுரங்கள் ஒரு மயிரிழை சுருதி ஏறி நின்றன. மேடையில் டிரம்ஸும் கீபோர்டும் இதையெல்லாம் மூடிவிடும். இங்கே மூட ஒன்றுமில்லை.

"கம்பி சரியில்லியோ?" என்றேன்.

"கம்பி மேல தப்பு இல்லண்ணா. ரொம்ப அழுத்திப் புடிக்கிறீங்க. பத்து நாள் கழிச்சு வாங்க. பாடறவங்களும் அப்பத்தான் வராங்க."

பஸ்ஸில் வரும்போது காது வரைக்கும் சுட்டது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று போனைக்கூட எடுத்தேன். ஆனால் கேட்டது என் காதுதானே. போனைத் திரும்பப் பையில் போட்டேன்.

மறுநாள் காலையிலிருந்து, நெல்லுக்கு மடை திருப்பிவிட்டு மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்துகொள்வேன். ஒரே பயிற்சிதான். விரலைச் சும்மா கம்பிமேல் வைத்தால் நாதம் இல்லை. கொஞ்சம் அழுத்தினால் கரகரக்கும். இன்னும் ஒரு நூல் அழுத்தினால் சுத்தமாக எழும். அங்கேயே நிறுத்தவேண்டும். கடலைச் செடியைப் பிடுங்கிப் பழகின கை அங்கே நிற்க மறுத்தது. விரல் நுனியின் காய்ப்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன்.

சோறு எடுத்துவந்த என் மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"இன்னாய்யா, இருவது வருசமா வாசிச்சுக்கினு கீற. இப்ப ஒரே கம்பிய டொங்கு டொங்குனு தட்டிக்கினு கீறியே, மறந்துபூடுச்சா?"

"இப்பத்தான் கத்துக்கினு கீறன்."

"எப்ப முடியும்?"

"முடியற மாதிரி தெரியல."

"சரி, மொதல்ல துன்னு," என்று தூக்கைத் திறந்து வைத்தாள்.

ஆறாம் நாள் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மேடையில் எப்போதும் பாதியை விழுங்கிவிட்டுத் தாண்டுகிற ஒரு வேகமான பகுதி எனக்கு உண்டு. பிடி தளர்ந்ததும் அது ஒரு சுரம் குறையாமல் தானாக வந்தது. நான்கு தடவை வாசித்துப் பார்த்தேன். நான்கு தடவையும் வந்தது. இத்தனை வருடமும் வேகம் இல்லை என்று நினைத்திருந்தேன். வேகத்தை நானே நெரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பத்தாம் நாள் இரண்டாவது தடவையிலேயே பதிவு முடிந்தது. "பாகுந்தி அண்ணா, நல்லா இருக்கு!" என்றாள் அந்தப் பெண். நான் கிளம்பவில்லை.

"வேற இன்னா கொற கேக்குது உனக்கு? சொல்லும்மா."

தயங்கினாள். "மீட்டற கையில கட்டை விரல் மட்டும் தாளத்துக்குக் கொஞ்சம் முந்துது. யாருக்கும் தெரியாது."

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். சரியாகத்தான் சொல்லியிருந்தாள். இப்போது கட்டை விரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். படிந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அது படிந்த பிறகு காதில் வேறெது உறுத்தும் என்று தெரிந்துகொள்ளத்தான் இப்போதே ஆசையாக இருக்கிறது.