தேவாரத்து வெயிலில் எங்கள் லென்ஸ்

பழனிசெட்டிபட்டிப் பட்டறையில் நாங்கள் வார்த்த பிளாஸ்டிக் லென்ஸை டிபன் பாக்ஸ் மூடியைப் போலப் பார்த்தார், எங்களுக்கு ஆர்டர் தரலாமா என்று பார்க்க வந்த சோலார் கம்பெனி அதிகாரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெயிலைக் குவித்து நகமளவு சோலார் செல்லில் விழவைக்கும் லென்ஸ் அது. விழும் வெயிலில் எவ்வளவு செல்லுக்குப் போய்ச் சேருகிறது என்று அளந்து காட்ட வேண்டும். அவர் கேட்ட அளவைத் தொடாவிட்டால் ஆர்டர் வெளிநாட்டுக்குப் போய்விடும். பட்டறையை மூட வேண்டியதுதான்.

அளக்கும் இடம் தேவாரத்தில், மலையடிவாரத்தில். ஆயுதபூஜை முடிந்த கையோடு அதிகாரி வந்துவிட்டார். மேகம் கட்டுவதற்குள் அளந்தாக வேண்டும்.

முதல் அளவே எகிறியது. என்னோடு வேலை பார்க்கும் கடமலைக்குண்டுக்காரி கைதட்டிக் குதித்தாள். அதிகாரி கைகொடுக்கவே வந்துவிட்டார். எனக்குத்தான் உறுத்தியது. எந்த லென்ஸும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். இந்தக் கணக்குப்படி எங்கள் லென்ஸ் துளிகூட வீணாக்கவில்லை. நம்ப எனக்கென்ன கிறுக்கா?

ஏணி போட்டு ஏறினேன். லென்ஸும் செல்லும் பூட்டிய பேனலுக்கு மேலே, நேர்வெயிலை அளக்கும் குழாய் ஒன்று சூரியனைப் பார்த்தபடி இருக்கும். அதன் கண்ணாடி முகத்தில், நட்டநடுவே சந்தனமும் குங்குமமும்! பூஜைக்கு வைத்ததை மற்ற எல்லாவற்றிலும் துடைத்த நாங்கள் இதை மறந்துவிட்டோம். பொட்டு வெயிலை மறைக்க, விழும் வெயிலே குறைவு என்று குழாய் காட்ட, அது முழுசும் செல்லுக்குப் போனதாகக் கணக்கு வந்து எங்கள் லென்ஸுக்கு இல்லாத பெருமை வந்துவிட்டது.

"அக்கா, பேசாம இறங்கி வாங்க. அவுகதான் சரின்னுட்டாகல்ல," என்று ஏணியைப் பிடித்திருந்தவள் கிசுகிசுத்தாள்.

"ஓசிப் பாஸு எனக்கு வேணாம்டி."

எல்லோரும் பார்க்கவே துடைத்தேன். "சார், மொத அளவ அடிச்சிருங்க. திரும்ப எடுப்போம்," என்று மேலிருந்தே சொன்னேன். அவர் முகம் மாறியது. மலைக்கு மேலே மேகம் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

இந்த முறை எண் இறங்கியது. எங்கள் கண்முன்னே இறங்கி, அவர் கேட்ட அளவுக்குச் சற்று மேலே வந்து நின்றது. மறுபடி எடுத்தோம். அதே எண்! முதல் எண்ணுக்கு வராத சந்தோஷம் இதற்கு வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

அதிகாரி தன் ஆபீஸுக்குப் போன் போட்டார். "வெளிநாட்டுக்கு ஆர்டர் போட வேண்டாம்... இல்ல, நம்ம ஆபீஸ்ல வச்சுத் திரும்ப அளக்க வேண்டாம். அளந்தது இவங்க, கூடுதலா வந்த அளவைத் தாங்களே அடிக்கச் சொன்னவங்க."

நானும் பட்டறைக்குப் போன் போட்டேன். "மெஷின நிப்பாட்டாதீக, வேலை இருக்கு!" என்று கத்தினேன்.